சூடான் சரக்கில் மணல் இருக்கும்

எகிப்தின் தென்கோடியில், அஸ்வான் கடைத்தெருவில் ஷாஸ்லி கடையைத் திறந்ததும் முதல் வேலையாக இரண்டு கண்ணாடித் தம்ளர்களைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைப்பான். இரண்டிலும் கர்கதே ஊறும். நம் ஊர்ப் புளிச்சைக்கு நெருங்கிய சொந்தம் அந்தச் செடி. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றி நிற்கும் தடித்த சிவப்பு இதழைப் பிய்த்துக் காயவைத்தால் அதுதான் சரக்கு. தண்ணீரில் போட்ட மாத்திரத்தில் மாதுளைச் சாறு மாதிரி இறங்கும். சர்க்கரை போட்டுக் குளிரவைத்து நோன்பு திறக்கவும் கொடுப்பார்கள், கல்யாணத்திலும் கொடுப்பார்கள்.

இரண்டு தம்ளரிலும் ஊறுவது ஒரே மூட்டைச் சரக்குதான். ஆனால் ஒன்றின் முன்னால் 'அஸ்வான்' என்று எழுதிய அட்டை நிற்கும், மற்றதன் முன்னால் 'சூடான்'. சூடான் தம்ளரில் ஷாஸ்லி ஒரு சிட்டிகை மணல் போடுவான். ஆற்றங்கரையில் அள்ளி, சலித்து, வெயிலில் காயவைத்த மணல். மேசைக்கு அடியில் ஒரு பழைய தேயிலை டப்பாவில் அது இருக்கும்.

குளிர்காலத்தில் கெய்ரோவிலிருந்தும் தந்தாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சுற்றுலா வருகிறவர்கள் அந்தத் தெருவில் நுழைந்தால் கர்கதே வாங்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். அவர்களை நிறுத்தி ஷாஸ்லி இரண்டு தம்ளரையும் கலக்குவான். தெளியட்டும் என்று பொறுப்பான். பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கி அடியைக் காட்டுவான்.

"இது நம்ம மண்ணு. அடியில ஏதாச்சும் தெரியுதா மடாம்? இப்ப இதைப் பாருங்க. சூடான் சரக்குல மணல் இருக்கும். வெறும் தரையில கொட்டிக் காயப்போடுற ஜனங்க. விலை கம்மின்னு அங்க இங்க வாங்கி ஏமாந்துராதீங்க."

அதற்குமேல் பேசவே வேண்டாம். பை நிறையும். இது வியாபாரம்தானே, எல்லாரும் ஏதோ ஒன்று செய்கிறார்கள் என்றுதான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனாலும் மணல் போடுவதற்கு முன்னால் தெருவை இருபக்கமும் ஒருமுறை பார்த்துக்கொள்வான். யாரைத் தேடினான் என்று அவனைக் கேட்டால் அப்போது சொல்லியிருக்க மாட்டான்.

ஷாஸ்லியின் அப்பா கோம் ஓம்போ பக்கத்தில் கரும்பு வெட்டியவர். ஆலைக்குப் போகும் கரும்பு வண்டியின் பின்னால் ஓடி, விழுந்ததைப் பொறுக்கிக் கடித்த பிள்ளைகளில் ஷாஸ்லியும் ஒருவன். அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான் படித்தான். வணிகவியலில் பட்டம் வாங்கி ஊருக்கு வந்த அன்று அவன் அப்பா, எழுத்துக் கூட்டத் தெரியாத மனுஷன், அந்தச் சான்றிதழை இரண்டு கையிலும் ஏந்தி வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். குழந்தை பிறந்த வீட்டுக்காரன் குழந்தையைக் காட்டுகிற மாதிரி. அந்தப் பெருமை ஷாஸ்லிக்கும் உண்டு. அது பிழையான பெருமையும் அல்ல. வம்சத்திலேயே ஒருவன் முதல்முறையாகப் படித்து மேலே வந்தால் நெஞ்சு நிமிரத்தான் செய்யும். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, பின்னாளில் கடையின் நடுச்சுவரில் மாட்டினான். பெயர்ப்பலகையிலும் 'ஷாஸ்லி, வணிகவியல் பட்டதாரி' என்று எழுதவைத்தான். அதற்குக் கீழே: 'அசல் அஸ்வான் கர்கதே. எங்கள் மண், எங்கள் நீர்.'

அந்தக் கீழ்வரி வந்த கதை வேறு.

அரசாங்க வேலைக்குக் காத்துக் காத்து அலுத்துப்போய், கடன் வாங்கி ஒரு மூட்டை சூடான் கர்கதேயோடு முதன்முதலாகக் கெய்ரோவுக்கு ரயிலேறினான். மசாலாக் கடைத்தெருவில் ஒரு பெரிய வியாபாரி இவனுடைய கறுத்த நிறத்தைப் பார்த்தார், வாயைத் திறந்ததும் தெற்கத்திப் பேச்சைக் கேட்டார். எகிப்தில் சூடான்காரரை 'ஸோல்' என்று கூப்பிடுவார்கள்; ஆள் என்றுதான் பொருள், கூப்பிடுகிற குரலில்தான் எல்லாம் இருக்கிறது. "என்ன ஸோல், கார்ட்டூம்லேருந்து நடந்தே வந்தியா?" என்றார் அவர். இல்லை, அஸ்வான், நான் பட்டதாரி என்றான் இவன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்கினார். விரலிடுக்கில் மணல் கொட்டியது.

"பட்டம் வாங்கி மணல் விக்க வந்திருக்கியேப்பா. எங்ககிட்ட பாலைவனமே இருக்கு."

திரும்பி வரும் ரயிலில் ஷாஸ்லி இரண்டு முடிவு எடுத்தான். இனி தன் சரக்கில் மணல் இருக்கக்கூடாது. இனி தன்னை யாரும் சூடானோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது.

முதல் முடிவுக்காகத்தான் அவன் அணைக்குத் தெற்கே உள்ள பெரிய ஏரியைக் கப்பலில் கடந்து, சூடான் கரையில் ஹல்பாவில் இறங்கி, பஸ் மாறி பஸ் மாறி, கொர்தோஃபானில் ரஹத் என்கிற ஊருக்குப் போனான். அங்கே திஜானி என்பவர் நிலமும் வைத்திருந்தார், சுற்றுவட்டாரத்துக் கர்கதேயையும் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தார். ஷாஸ்லி போன மூன்றாம் நாளே காய்ச்சலில் விழுந்தான். கண் திறந்து பார்த்தபோது யார் வீடு என்றே அவனுக்குத் தெரியவில்லை. திஜானியின் மனைவி ஸித்துல் பனாத் கஞ்சி ஊட்டினாள். திஜானி இரவெல்லாம் ஈரத்துணி மாற்றினார். சொந்தத் தம்பிக்குச் செய்வதுபோலச் செய்தார்கள்.

தேறி எழுந்து உட்கார்ந்த பிறகு ஷாஸ்லி மணல் விஷயத்தைச் சொன்னான். அங்கே அறுவடையானதும் சுத்தமான தரையாகப் பார்த்துக் கொட்டிக் காயவைப்பார்கள். காற்று அடித்தால் மணல் சேராமல் என்ன செய்யும். எகிப்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றான். திஜானிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஸித்துல் பனாத் எழுந்தாள். உள்ளே போய் ஒரு பாயைச் சுருட்டி எடுத்து வந்தாள். பனையோலையில் சிவப்புக் கரை வைத்துப் பின்னிய பாய். அவர்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணை உட்காரவைக்க என்றே பின்னுவது, பிறகு அதைப் பெட்டிக்குள் வைத்துச் சாகும்வரை காப்பாற்றுவார்கள். அதை முற்றத்தில் விரித்து, கூடையிலிருந்த கர்கதேயை அதன்மேல் கொட்டிப் பரப்பினாள்.

"இனிமே தரையில காயாது தம்பி. அந்த ஊர்ல எவனும் எங்களைப் பாத்துச் சிரிக்க வேணாம்."

அடுத்த அறுவடைக்குள் அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் பாய் முடைந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டிலிருந்து வரும் மூட்டையின் வாயைச் சிவப்பு நூலால் தைத்து அனுப்பினார்கள். சிவப்பு நூல் இருந்தால் மணல் இல்லை என்று அர்த்தம். ஷாஸ்லியின் கிடங்கில் சிவப்பு நூல் மூட்டையைத் தவிர வேறு மூட்டை இருந்ததே இல்லை.

ஆகவே மணலை அவனே ஆற்றங்கரையில் அள்ள வேண்டியிருந்தது.

சூடானில் சண்டை மூண்டு ரஹத் பக்கம் வந்தபோது புதுச் சரக்கு நின்றது, கிடங்கில் அடுக்கியிருந்த மூட்டைகளை வைத்துத்தான் கடை ஓடியது. திஜானியின் தொலைபேசியும் நின்றது. ஷாஸ்லி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். உண்மையிலேயே கலங்கிப்போயிருந்தான், நல்லவன் இல்லை என்று யாரும் அவனைச் சொல்ல முடியாது. பல மாதம் கழித்து ஒரு நாள் பஸ் நிலையத்திலிருந்து யாரோ ஒருவருடைய தொலைபேசியில் திஜானியின் குரல் வந்தது. "உஸ்தாஸ், நாங்க உங்க ஊருக்கு வந்திருக்கோம்." வயதில் மூத்தவர், இவனுடைய படிப்புக்காக எப்போதும் மரியாதையாக உஸ்தாஸ், வாத்தியாரே, என்றுதான் கூப்பிடுவார்.

ஷாஸ்லி ஓடினான். திஜானி பாதியாக இளைத்திருந்தார். ஸித்துல் பனாத் கையில் ஒரு துணிமூட்டை மட்டும். ஷாஸ்லி இருவரையும் வீட்டுக்கு அழைத்துப்போய் மாடி அறையை ஒழித்துக் கொடுத்தான். அவன் மனைவி நஈமா முகம் கோணாமல் சமைத்தாள். எல்லாம் முறையாக நடந்தது. ஆனால் அன்று சாப்பிட்டு எழுந்து கைகழுவும்போது ஷாஸ்லிக்கு மேசைக்கடியில் இருக்கும் டப்பா நினைவுக்கு வந்தது.

அவருக்கு அது தெரியக்கூடாது. அன்றிலிருந்து அவனுக்கு வேறு கவலையே இல்லாமல் போயிற்று. வியாபாரம், வாடகை, வீட்டில் கூடின இரண்டு வாய், எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மனுஷன் ஒருவர் கண்ணில் மட்டும் அந்தத் தம்ளர் பட்டுவிடக்கூடாது.

ஓய்வெடுங்கள் ஹாஜி, கடைத்தெரு ஒரே நெரிசல், உடம்பு தேறட்டும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். திஜானி கேட்கவில்லை. வீட்டு ஆம்பளை வெளியே போன பிறகு விருந்தாளி ஆம்பளை பெண்கள் நடமாடும் வீட்டில் உட்கார்ந்திருப்பது அவர்கள் முறையில் இல்லை. இவர்கள் முறையிலும் இல்லை. அதனால் ஷாஸ்லியால் வற்புறுத்தவும் முடியவில்லை. இரண்டாம் நாளே வெள்ளைத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு அவனோடு கிளம்பிவிட்டார்.

ஷாஸ்லி முந்திக்கொண்டு ஓடி 'சூடான்' அட்டையை இழுப்பறையில் போட்டான். டப்பாவைக் காலால் உள்ளே தள்ளினான். பெயர்ப்பலகையை என்ன செய்ய முடியும். திஜானி கண்ணைச் சுருக்கி அதை எழுத்தெழுத்தாகப் படித்தார். 'அசல் அஸ்வான்' என்பதைப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தார். வியாபாரத்தில் பேர் மாற்றி விற்பது அவருக்குத் தெரியாததா. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே வந்ததும் சான்றிதழைத்தான் பார்த்தார், அதன் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

"ரஹத்ல எல்லார்கிட்டயும் சொல்லுவேன் உஸ்தாஸ். நம்ம சரக்கை வாங்குறவர் படிச்சவர். அவர் கடையில நம்ம பேருக்குக் குறை வராதுன்னு."

ஷாஸ்லி சரக்கைச் சரிசெய்வதுபோல மூட்டைக்குள் குனிந்துகொண்டான்.

ஒரே ஒரு தம்ளரோடு கொஞ்ச நாள் கடை நடந்தது. விற்பனை இறங்கியது, இறங்கட்டும் என்று விட்டான். திஜானி வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கு சலாம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் அவரிடம் பிரியமாகப் பேசினார்கள். தம்ளர் விஷயம் தெருவுக்கே தெரியும். ஆனால் ஒருவன்கூட அவரிடம் வாய் திறக்கவில்லை. அதுவே ஷாஸ்லிக்குக் கூசியது. தெருவே சேர்ந்து தன் அசிங்கத்தை மூடிப் பிடித்திருப்பதாகத் தோன்றியது.

அதை உடைத்தது மடாம் இந்திசார். கெய்ரோவில் பள்ளிக்கூடம் நடத்துகிறவள், வருஷா வருஷம் வந்து பை பையாக வாங்கிப் போகிறவள். நாத்தனாரையும் அவள் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க உஸ்தாஸ், அந்த ரெண்டு தம்ளர்? இவங்களுக்குக் காட்டணும்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

இப்போதெல்லாம் அதை வைப்பதில்லை மடாம் என்று ஷாஸ்லி முணுமுணுத்தான். அவள் விடவில்லை. சரி, நானே சொல்லுகிறேன் என்று நாத்தனாரின் பக்கம் திரும்பி, பாடம் நடத்துகிற குரலில், ஒன்றில் அஸ்வான், ஒன்றில் சூடான், கலக்கினால் சூடான் சரக்கில் ஒரு விரற்கடை மணல் நிற்கும் என்று முழுசாகச் சொல்லி முடித்தாள். பிறகுதான் முக்காலியில் இருந்த வெள்ளைத் தலைப்பாகை அவள் கண்ணில் பட்டது. நாகரிகம் தெரிந்தவள்தான், கொஞ்சம் சங்கடப்பட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஸோல். உங்க ஊர் மனுஷங்க தங்கம். சரக்குதான் கொஞ்சம் மணல்."

ஷாஸ்லி திஜானியைப் பார்க்கவில்லை. தராசுத் தட்டைப் பார்த்தான். அதில் ஒரே ஒரு இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. திஜானியின் பார்வை வாய் திறந்து நின்ற மூட்டைக்குப் போயிற்று, அதன் ஓரத்தில் தொங்கிய சிவப்பு நூலில் நின்றது. பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"நிஜம் மடாம். எங்க பக்கம் காத்து ஜாஸ்தி. நீங்க இங்கயே வாங்குங்க, இது நல்ல சரக்கு."

வழக்கத்தைவிட இரண்டு பை அதிகமாக வாங்கிப் போனாள். அவர்கள் போன பிறகு ஷாஸ்லி ஹாஜி என்று ஆரம்பித்தான். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மாலைவரை வேறு பேச்சு பேசினார்: ஆற்றில் தண்ணீர், ரொட்டி விலை, தலைப்பாகைத் துணி இங்கே கிடைக்குமா. வீட்டுக்கு நடந்து போகும்போது ஷாஸ்லி ஒரு அடி பின்தங்கியே நடந்தான். அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது. செருப்பைக் கழற்றி அடித்தால் இன்னும் நல்லது.

மறுநாள் காலையில் அவர் இவனுக்கு முன்பே கடைத்தெருவுக்குப் போய்விட்டிருந்தார். ஷாஸ்லி கடையைத் திறந்ததும் உள்ளே வந்து, தலைப்பாகையின் முனையில் முடிந்திருந்ததை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். மணல். ஆற்றங்கரை மணல், சலித்தது.

"நேத்தே டப்பாவைப் பாத்தேன். கொஞ்சம்தான் கிடந்துச்சு."

"ஹாஜி, வேணாம். சத்தியமா வேணாம். இனிமே நான்..."

"கடை ஓடணும் உஸ்தாஸ். நானும் ஓசிச் சோறு எத்தனை நாள் திங்கிறது. நீங்க சொன்னா வியாபாரி சொல்றான்னு நினைப்பாங்க. நான் சொன்னா நம்புவாங்க." இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்து, அதன் இடத்தில் நேராக நிறுத்தினார். "ஒன்னே ஒன்னு. ஸித்துல் பனாத்துக்கு இது தெரியக்கூடாது. அவ அந்தப் பாயை ரஹத்ல விட்டுட்டு வந்துட்டா. எடுக்க நேரமில்ல."

ஷாஸ்லி அப்போதே அந்த மணலைத் தெருவில் கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. வாய் வேண்டாம் வேண்டாம் என்றது, கை டப்பாவை எடுத்து நீட்டியது. அந்தக் கையைத்தான் பிற்பாடு அவனால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்த வியாபாரம் அந்தத் தெருவில் யாரும் கண்டதில்லை. சூடான்காரரே நின்று, சூடான் சரக்கைக் கலக்கி, மணலைக் காட்டி, இதை வாங்காதீங்க என்று சொல்லும்போது யார் நம்பாமல் இருப்பார்கள். திஜானி அதை நன்றாகவும் செய்தார். அவசரப்படாமல் கலக்குவார். தெளியும்வரை பிள்ளைகளுக்கு ஒட்டகக் கதை சொல்லுவார். தம்ளரைத் தூக்கி அடியைக் காட்டும்போது தானே வருத்தப்படுவதுபோலத் தலையை ஆட்டுவார். "என்ன செய்ய. எங்க ஜனங்களுக்குத் தெரியல" என்பார். கூட்டம் சிரிக்கும். சில பேர் அவர் தோளில் தட்டி, ஸோல் நல்லவன்யா, உள்ளதைச் சொல்றான் என்பார்கள். ஷாஸ்லி பின்னால் நின்று பொட்டலம் கட்டுவான். கெய்ரோ மசாலாத் தெருவில் அன்று கேட்ட அதே சிரிப்பு. அன்று அதை வாங்கிக்கொண்டவன் அவன். இன்று அதை வாங்கிக்கொள்ள வேறு ஆளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே நிற்கிறான்.

ஆட்கள் இருக்கும்போது திஜானி அவனை உஸ்தாஸ் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். முதலாளி என்றார். ஆட்கள் போன பிறகும் சில சமயம் அதுவே வந்தது.

நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று ஷாஸ்லி தினமும் நினைத்தான். காலையில் அவர் கழுவிய தம்ளர்களோடு நிற்பார். இன்று போகட்டும் என்று ஆகிவிடும். வீட்டில் நஈமா, ஹாஜி வந்த ராசி, கடைக்கு விடிவு வந்தது என்று சந்தோஷப்பட்டாள். மாடியில் ஸித்துல் பனாத், நம்ம சரக்கு எப்படிப் போகிறது தம்பி என்று கேட்பாள். நல்லாப் போகுது அக்கா என்பான். அவள் முகம் மலரும். அவன் படியிறங்கிவிடுவான்.

அவள் கடைத்தெருவுக்கு வந்ததே இல்லை. திஜானி ஏதாவது சொல்லித் தடுத்துக்கொண்டே இருந்தார். அன்று அவர் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடி இல்லாமல் மனுஷன் தடுமாறுவாரே என்று நஈமாவிடம் வழி கேட்டுக்கொண்டு அவளே எடுத்து வந்துவிட்டாள்.

கடை வாசலில் தந்தாக்காரக் குடும்பம் ஒன்று நின்றிருந்தது. திஜானி சூடான் தம்ளரைத் தூக்கிப் பிடித்திருந்தார். "எங்க ஜனங்களுக்குத் தெரியல" என்பதுவரை சொல்லிவிட்டார். கூட்டத்தின் விளிம்பில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

ஸித்துல் பனாத் வழிவிடச் சொல்லி முன்னால் வந்தாள். அவர் கையிலிருந்து தம்ளரை வாங்கி அடியைப் பார்த்தாள். விரலை விட்டு அடியில் படிந்திருந்ததைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்து உருட்டிப் பார்த்தாள். மேசையோரம் திறந்திருந்த மூட்டையைப் பார்த்தாள். குனிந்து அந்தச் சிவப்பு நூலை எடுத்தாள். அது அவள் தைத்த தையல். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியாமல் போகாது. அவள் முகம் கறுத்தது. ஷாஸ்லி, இதோ கேட்கப்போகிறாள் என்று நின்றான். அவள் கேட்கவில்லை. அவனிடம் தலைகுனிந்தாள்.

"தம்பி, எம்மேல தப்பு. கடைசித் தடவை குண்டு சத்தம் கேட்டுக்கிட்டே காயப்போட்டோம். பாயைச் சுருட்டுறப்ப யாரோ அவசரத்துல தரையில தட்டிட்டாங்க போல. உன் கடைப் பேரைக் கெடுத்துட்டோம். வீட்டுலயும் வச்சுச் சோறு போடுற, ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லல பாரு நீ."

தெரு இரைந்துகொண்டுதான் இருந்தது. ஷாஸ்லிக்கு ஒன்றும் கேட்கவில்லை. திஜானி அவனைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். சொல்லாதே. அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். அந்தத் தலையசைப்பு அவனுக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் அவள் இன்னும் தலை குனிந்தபடி நிற்கிறாள். செய்யாத தப்புக்கு, அதுவும் தன்னிடம்.

அவன் குனிந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தான்.

"அக்கா, உங்க சரக்குல மணல் இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. நான்தான் அள்ளிட்டு வந்து போட்டேன். ஹாஜி வர்றதுக்கு முன்னாலேருந்து, வருஷக்கணக்கா."

தந்தாக்காரர் முன்னும் பின்னும் பார்த்தார். "அப்ப அஸ்வான் சரக்குன்னு சொன்னீங்களே?"

"இந்தக் கடையில அஸ்வான் சரக்கு இல்ல. எல்லாம் இவங்க வீட்டுது."

அவர் கையிலிருந்த பொட்டலத்தை வைத்துவிட்டுக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனார். போகிற போக்கில் ஏதோ திட்டினார். பக்கத்துக் கடைக்காரர் தன் சரக்கைத் தட்டிக் கொட்டுவதில் முனைந்தார். ஸித்துல் பனாத் தம்ளரைக் கீழே வைத்தாள். புருஷனைப் பார்த்தாள், இப்போதுதான் எல்லாம் புரிந்த பார்வை. கண்ணாடியை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

திஜானி தம்ளரிலிருந்ததைத் தெருவில் ஊற்றினார்.

"உன்கிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டேன் ஷாஸ்லி."

உஸ்தாஸும் இல்லை, முதலாளியும் இல்லை. வெறும் பெயர். உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று படித்திருந்தான். ஆகவில்லை. சொல்லாமல் இருந்தாலும் தப்பு, சொன்னதும் தப்பு என்கிற இடத்துக்கு அவனாகவேதான் நடந்து வந்திருந்தான்.

அந்த வாரமே அவர்கள் மாடி அறையைக் காலி செய்தார்கள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. திஜானி கட்டிப்பிடித்து விடைபெற்றார், நஈமாவின் பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்தார். நஈமா எதுவும் புரியாமல் அழுதாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால், சூடான்காரர்கள் சேர்ந்து வாழும் சந்தில் ஒரு அறை பிடித்தார்கள்.

ஷாஸ்லி பெயர்ப்பலகையின் கீழ்வரியை அழித்து 'ரஹத் கர்கதே' என்று எழுதவைத்தான். அப்படியென்றால் எது என்று கேட்பவர்களுக்கு சூடான் என்றான். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போனார்கள். அங்கே இப்போது இரண்டு தம்ளர் இருந்தன. இவன் பட்ட நஷ்டத்தைப் பார்த்து சிலர் நேர்மையான மனுஷன் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டால் அவன் எதையாவது எடுக்க உள்ளே போய்விடுவான். சான்றிதழ் அதே சுவரில்தான் இருக்கிறது. கழற்ற நினைத்துச் சட்டத்தைத் தொட்டபோது, அதைக் கையில் ஏந்தி வீடு வீடாகப் போன அப்பாவின் முகம் வந்தது. அவர் என்ன பாவம் செய்தார் என்று விட்டுவிட்டான்.

ஸித்துல் பனாத் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு தாழ்வான பலகை போட்டு, தேநீரும் கர்கதேயும் விற்க ஆரம்பித்தாள். தரையில் ஒரு புதுப் பாய் விரித்திருந்தாள், கரையில்லாத பாய். ஷாஸ்லி பல நாள் எதிர்ப்பக்க நடைபாதை வழியாகவே போனான். ஒரு மத்தியானம் அவளே கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். மற்றவர்களுக்குத் தேக்கரண்டியால் கலக்கி உடனே கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் ஒரு தம்ளரில் ஊற்றிக் கலக்கினாள். ஆனால் கொடுக்கவில்லை. தன் எதிரே பலகைமேல் வைத்தாள். வேறு யாருக்கோ சில்லறை கொடுத்தாள், அடுப்பை ஊதினாள், வந்தவருக்கு சலாம் சொன்னாள். தம்ளரில் சுழன்ற சிவப்பு மெல்ல மெல்ல நின்றது. முழுக்கத் தெளிந்த பிறகு அதை எடுத்து, அவன் முகத்துக்கு நேரே வெயிலில் உயர்த்திப் பிடித்தாள்.

"பாத்துக்குங்க உஸ்தாஸ்."

அவன் பார்த்தான். அடியில் ஒன்றும் இல்லை. அவள் கை இறங்கவில்லை. அவனும் கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான் தம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.